"நான் வரமாட்டேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு முன்னுள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆசிரியர்களிடமும் நம்பிக்கையான உறவினரிடமும் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அம்மாவும் அப்பாவும் வெளிநாடு போவதென்று, அல்லது என்னை மட்டும் அங்கே உள்ள மாமாவிடம் அனுப்புவதென்று முடிவெடுத்துவிட்டார்கள். நான் போகமாட்டேன் என்று சொல்லச் சட்டத்தில் எனக்கு இடம் உண்டா? பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை நான் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். இதற்கு அவசரமான பதில் சொல்வது பிள்ளைக்குத் தீங்கு செய்யும் என்பதால், இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது எந்த நிலைமைக்குப் பொருந்தும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரான விடை. இலங்கைச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் பயண முடிவைத் தடுத்து நிறுத்தும் தனி அதிகாரம் இல்லை. பராயமடையும் வயதை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் 21 என்று வைத்திருந்தது. 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 18 ஆகக் குறைத்தது. அந்த வயது வரை பிள்ளை எங்கே வசிப்பது, எங்கே படிப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பு பெற்றோரிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இதற்கு விடை தரும் என்று எண்ணுபவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் அது இன்று முதுசம், சீதனம், தேடியதேட்டம் போன்ற சொத்து விடயங்களிலேயே பெரிதும் பேசப்படுகிறது. பிள்ளையின் பாதுகாவல் பற்றிய வழக்குகள் இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே தீர்க்கப்படுகின்றன. அச்சட்டத்தில் பெற்றோருக்கும் மேலான பாதுகாவலராக நீதிமன்றம் இருக்கிறது என்பதும், பிள்ளையின் நலனே அங்கு முதன்மையான அளவுகோல் என்பதும் நினைவில் நிற்க வேண்டியவை.

தடுக்கும் அதிகாரம் இல்லை என்பதால் குரலும் இல்லை என்று கொள்ளக் கூடாது. இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன் கருத்தைத் தானே உருவாக்கக்கூடிய ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னைப் பாதிக்கும் எல்லா விடயங்களிலும் அதைத் தெரிவிக்கும் உரிமையையும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற கனத்தோடு அது கவனிக்கப்படும் உரிமையையும் தருகிறது. நமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நாட்டுக்குள் நடமாடவும் வசிப்பிடத்தைத் தெரிவு செய்யவும், நாட்டுக்குத் திரும்பி வரவும் பிரசைகளுக்குச் சுதந்திரம் அளிக்கிறது. ஆயினும் அடிப்படை உரிமை வழக்கு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே தொடுக்கப்படுவது என்பதால், அம்மா அப்பாவுக்கு எதிராக அந்தக் கதவு திறக்காது. இன்னொரு சட்டத்தோடு ஒப்பிடும்போது இந்த இடைவெளி என்னை வருத்துகிறது. 1941ஆம் ஆண்டின் மகவேற்பு (தத்தெடுப்பு) கட்டளைச் சட்டத்தின்படி பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை மகவேற்க அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். வேறொரு குடும்பத்துக்குப் போகச் சம்மதம் கேட்கும் அதே சட்ட மரபு, வேறொரு கண்டத்துக்குப் போகச் சம்மதம் கேட்பதில்லை.

நடைமுறையில் ஒரு நுட்பம் உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவருக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பெற்றோரின் ஒப்புதலையே கேட்கிறது. ஆனால் 16 முதல் 60 வயது வரையான விண்ணப்பதாரர் தமது கைவிரல் அடையாளத்தைத் தாமே பதிவு செய்ய வேண்டும். கனடா விண்ணப்பங்களுக்கு 14 வயதிலிருந்தே கைவிரல் அடையாளமும் நிழற்படமும் எடுக்கப்படுகின்றன. ஆகவே பதினாறு வயதுப் பிள்ளையின் ஒத்துழைப்பு இல்லாமல் இந்தப் பயணங்கள் எளிதில் நகர்வதில்லை. இதை நான் உரிமை என்று சொல்லமாட்டேன்; அலுவலகக் கரும பீடத்தின் முன்னே நின்று கையை நீட்ட மறுப்பதை நல்ல வழியாகவும் பரிந்துரைக்கமாட்டேன். எனினும் பிள்ளையின் மனத்தை அறியாமல் காசு கட்டும் பெற்றோர் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

வழிகளை ஒப்பிடும் முன் பயணம் எத்தகையது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பலாலியிலிருந்து சென்னைக்கோ, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கோ குடும்பமாகச் சில வாரங்கள் போய் வருவதற்குச் சட்டத்தை இழுக்கத் தேவையில்லை. வீட்டில் முகம் சுளித்தாலும் போய் வருவதே சரி. கல்வியை, நண்பர்களை, மொழியை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்வது வேறு. பெற்றோர் இங்கேயே இருக்கப் பிள்ளையை மட்டும் அனுப்புவது அதனினும் வேறு. முகவருக்குக் காசு கொடுத்துப் படகில் ஏற்றுவதும், திருமணத்துக்காகப் பெண் பிள்ளையை அழைத்துச் செல்வதும் வேறு தரத்தவை. அவற்றில் மறுப்பு என்பது விருப்பம் பற்றிய பேச்சாக அல்லாமல் பாதுகாப்புப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது.

குடும்பத்துக்குள்ளேயே பேசித் தீர்க்கும் வழியை நான் முதலில் வைக்கிறேன். மற்ற எந்த வழியிலும் கிடைக்காத ஒன்று, அதாவது முடிவு எதுவானாலும் வீடு வீடாகவே இருப்பது, இதில் மட்டுமே கிடைக்கிறது. இதன் பலவீனமும் வெளிப்படையானது. பேசுவதற்கு நாம் தேடிப் போகும் மாமாவோ பெரியப்பாவோதான் பயணச்சீட்டுக்குக் காசு அனுப்பியவராக இருக்கக்கூடும். எனவே யாரைப் பேச வைப்பது என்பதைப் பிள்ளை கவனமாகத் தெரிந்தெடுக்க வேண்டும்: காசு சம்பந்தப்படாத ஒருவர், அப்பா மதிக்கும் ஒருவர், பிள்ளை சொல்வதைத் திரித்துச் சொல்லாத ஒருவர். பல வீடுகளில் அது அம்மம்மாவாகவே இருக்கிறார். சில வீடுகளில் வகுப்பாசிரியர். "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற ஒரு வசனத்தோடு போனால் அது பிடிவாதமாகவே கேட்கப்படும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எந்த மாதம், உயர் தரத்துக்கு எந்தப் பாடங்கள், இடையில் போனால் அங்கே எந்த வகுப்பில் சேர்ப்பார்கள், தான் இங்கே யாருடைய பொறுப்பில் இருக்க முடியும் என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், பேச்சு மறுப்பிலிருந்து காலம் குறிப்பதற்கு நகரும். "போகமாட்டேன்" என்பதற்கும் "பரீட்சை முடித்துவிட்டு வருகிறேன்" என்பதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் உடன்படுகின்றன.

ஆனால் அந்தக் காலதாமதத்தின் விலை போகும் நாட்டைப் பொறுத்துப் பெரிதும் மாறுகிறது என்பதை நம்மவர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை. கனடாவின் குடிவரவு விதிகளில் தங்கிவாழும் பிள்ளை என்பவர் 22 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத பிள்ளை. 2017 ஒக்டோபரிலிருந்து இதுவே எல்லை. ஆகவே உயர் தரம் முடித்துப் பின்னர் சேர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை அங்கே யோசிக்க இடமுண்டு. அதற்கு ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு: உடன் பயணம் செய்யாத பிள்ளையையும் விண்ணப்பத்தில் காட்டி மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், மறுக்கிறதே என்று பிள்ளையின் பெயரை விட்டுவிட்டால், பின்னர் குடும்ப உறவினருக்கான குடிவரவு வகுப்பில் அழைக்கும் வாய்ப்பே இல்லாமற் போகலாம். சுவிற்சர்லாந்து இதற்கு நேர்மாறானது. அங்கே குடும்ப இணைவுக்கு ஐந்து ஆண்டு காலம் தரப்பட்டாலும், 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது 12 மாதங்களாகச் சுருங்கிவிடுகிறது; அதன் பின் முக்கியமான குடும்பக் காரணங்கள் காட்டப்பட வேண்டும். அத்தகைய நிலையில் தேவைப்பட்டால் 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வது கவனிக்கத்தக்கது. ஜேர்மனியில் 16 வயது கடந்த பிள்ளை பெற்றோரோடு சேர்ந்து குடிபெயராமல் பின்னர் போவதாயின், பொதுவாக உயர்நிலை ஜேர்மன் மொழித் தேர்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது. எனவே கனடாவுக்குப் போகும் வீட்டில் "இரண்டு வருடம் பொறுங்கள்" என்று கேட்கும் பிள்ளையையும், சுவிசுக்குப் போகும் வீட்டில் அதே சொற்களைச் சொல்லும் பிள்ளையையும் நான் ஒரே விதமாக வழிநடத்தமாட்டேன். இரண்டாமவர் தான் இழக்கப்போவது என்ன என்று அறிந்த பின்னரே மறுக்க வேண்டும்.

அடுத்த வழி அரச அலுவலர்களிடம் செல்வது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் உத்தியோகத்தர்களும் உள்ளனர். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் அழைக்கலாம். காசு வேண்டாம், சட்டத்தரணி வேண்டாம், பிள்ளை தானாகவே பேசலாம் என்பது இவ்வழியின் பலம். அடித்து இணங்க வைத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின் கீழ்க் கொடுமைப்படுத்தலாகக் கொள்ளப்படக்கூடும். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளையின் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ, அதிகார சபை எழுத்தில் அதிகாரமளித்தவரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. அதற்கு முன் மணமுடித்துக் கொடுக்க அழைத்துச் செல்லும் பயணத்துக்குப் பெற்றோர் என்ற தகுதி கவசமாகாது. படகுப் பயணமும் அவ்வாறே. 2022 நவம்பரில் நடுக்கடலில் தத்தளித்து மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்ட 303 இலங்கையரில் சிறுவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

இதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முறையான விசாவோடு, அன்போடு, பிள்ளையின் எதிர்காலத்துக்காக என்று நம்பிக் குடிபெயரும் பெற்றோரை இந்த அலுவலர்கள் தடுக்க முடியாது. அவர்கள் செய்யக்கூடியது பெற்றோரை அழைத்துப் பேசுவது, அவ்வளவே. ஆபத்து இருப்பதாகக் கூறி விடயம் நீதவான் முன் போய்விட்டால், முடிவு பிள்ளை எதிர்பார்த்த அம்மம்மா வீடாக இல்லாமல் சிறுவர் இல்லமாகவும் அமையலாம். எனவே அடி, மிரட்டல், திருமணம், படகு, வேலைக்கு அனுப்புதல் ஆகியவை இருந்தால் தயங்காமல் இவ்வழியையே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால், உத்தியோகத்தரை நடுவராக மட்டும் நாடுவது போதும்.

நீதிமன்ற வழி, பெற்றோர் இருவரும் ஒரே கருத்தில் இல்லாதபோது வலுவானது. அப்பா வெளிநாட்டில், அம்மா இங்கே. அல்லது இருவரும் பிரிந்து, ஒருவர் பிள்ளையைக் கொண்டுபோக விரும்புகிறார். இத்தகைய வழக்குகளே யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் வரக்கூடியவை. பராயமடையாதவர் தானாக வழக்காட முடியாது. மன்று ஏற்கும் வளர்ந்தவர் ஒருவர் மூலமாகவே வர வேண்டும். பிள்ளையின் பக்கம் ஒரு பெற்றோர் நின்றால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. மன்று பாதுகாவல் பற்றிக் கட்டளையிடும்போது பிள்ளையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதற்கு நிபந்தனை விதிக்க முடியும். பிள்ளையை ஏற்கெனவே ஒருவர் மறைத்து வைத்திருந்தால், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் பின் மாகாண மேல் நீதிமன்றத்திலேயே, பிள்ளையை மன்றின் முன் கொண்டுவரச் செய்யும் ஆட்கொணர்வு எழுத்தாணையைக் கேட்கலாம்; அதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. இத்தகைய விசாரணைகளில் நீதிபதி பிள்ளையைத் தமது அறைக்கு அழைத்துத் தனியே பேசுவதுண்டு. மறுக்கும் பிள்ளையின் குரல் முழுமையாகக் கேட்கப்படும் இடம் நமது அமைப்பில் அந்த அறைதான் என்று நான் கருதுகிறேன். அங்கே அம்மா சொல்லித் தந்ததை ஒப்புவிக்கும் பிள்ளைக்கும் தன் சொந்தக் காரணங்களைச் சொல்லும் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை நீதிபதிகள் விரைவில் கண்டுகொள்வார்கள். வசதியற்ற பெற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் உண்டு.

ஒரு பெற்றோர் மற்றவருக்குத் தெரியாமல் கொண்டுபோய்விட்ட பின் நிலைமை வேறாகிறது. நாடு கடந்து பிள்ளைகளைக் கொண்டுபோவது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை இலங்கை 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால் நடைமுறைப்படுத்தியது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வழமையாக வசித்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதே அதன் நோக்கம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் வலிமை அதிகம். போதிய வயதும் முதிர்ச்சியும் உள்ள பிள்ளை திரும்புவதை எதிர்த்தால் மன்று அனுப்ப மறுக்கலாம் என்று சமவாயத்தின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் இச்சமவாயம் இலங்கையின் இணைவை ஏற்றுக்கொண்ட நாடுகளுடன் மட்டுமே செயற்படும். இந்தியா இதில் உறுப்பு நாடே அன்று. ஒரு மணி நேரத்தில் சென்னை போய்ச் சேரக்கூடிய ஊரில் வாழும் நாம் இதை அறிந்திருக்க வேண்டும்: தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைக்கு அந்த வழி இல்லை, அங்குள்ள நீதிமன்றங்களையே நாட வேண்டும். ஆகையால் சந்தேகம் எழும்போதே இங்கே கட்டளை பெறுவது, பின்னர் அங்கே வழக்காடுவதைவிட எவ்வளவோ மேலானது.

விமான நிலையத்தில் மறுப்பதும் வீட்டை விட்டு ஓடுவதும் என்ற இரண்டு வழிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கட்டுநாயக்காவில் குடியகல்வு அலுவலரிடம் "என்னைக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோகிறார்கள்" என்று சொன்னால் அவர் விசாரிக்காமல் விடமாட்டார். திருமணத்துக்காகவோ கடத்தலாகவோ இருந்தால் அதுவே உயிரைக் காக்கும் கடைசி இடம். சாதாரணக் குடிபெயர்வில் அதைச் செய்தால், பயணம் சில நாள் தள்ளிப்போகும், குடும்பம் பல வருடம் உடைந்திருக்கும். ஓடிப்போவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்கவில்லை. தங்க இடம் கொடுத்த நண்பரின் பெற்றோர்மீதே குற்றச்சாட்டு வரக்கூடும். 14 வயதுக்குக் குறைந்த ஆண் பிள்ளையையோ 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளையையோ பாதுகாவலரின் சம்மதமின்றி அவரிடமிருந்து அகற்றுவது தண்டனைச் சட்டக்கோவையில் கடத்தலாகும்.

எதிர்த்திசைப் பயணமும் நம் ஊரில் நடக்கிறது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வளர்ந்த பிள்ளையை, "விடுமுறைக்கு" என்று அழைத்து வந்து, கூடாத நண்பர்களிடமிருந்து காப்பதாக எண்ணி, தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் வளர்ந்த நாட்டின் சட்டம் சில இடங்களில் நமதைவிட அதிகம் தருகிறது. நோர்வேயின் சிறுவர் சட்டம், பெற்றோர் உடன் இல்லாமல் வெளிநாட்டில் வாழ 12 வயது நிரம்பிய பிள்ளையின் சம்மதம் வேண்டும் என்றே வரையறுத்தது; நான் அறிந்த சட்டங்களில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு நேராக விடை சொன்னது அதுவே. ஒன்ராறியோவில் 16 வயது நிரம்பியவர் பெற்றோரின் கட்டுப்பாட்டிலிருந்து விலக முடியும். இங்கிலாந்தில் பிள்ளை தானே, மன்றின் அனுமதியோடு, 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் கீழ்க் கட்டளை கேட்கலாம். அதன் எல்லைகளை அண்மைய வழக்கு ஒன்று காட்டியது. இலண்டனிலிருந்து கானாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு விடுதிப் பாடசாலையில் விடப்பட்ட 14 வயதுச் சிறுவன் தானே சட்டத்தரணிகளை நாடி வழக்குத் தொடுத்தான். 2025 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் பெற்றோரின் முடிவை ஏற்றது; அதே ஆண்டு யூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, புதிதாக விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. வழக்கு நடக்கும் காலம் முழுவதும் பிள்ளை கொண்டுசெல்லப்பட்ட நாட்டிலேயே இருந்தது என்பதே இதில் நமக்கான செய்தி. யாழ்ப்பாணத்தில் விடப்பட்ட பிள்ளை நாட்களை ஓடவிடாமல் தன் நாட்டுத் தூதரகத்தோடு உடனே தொடர்பு கொள்ள வேண்டும். மாதங்கள் கடந்தபின் இந்த ஊரே அவரது வழமையான வசிப்பிடமாகக் கருதப்படத் தொடங்கும்.

இவை எல்லாவற்றிலும் கடினமான இடத்தில் நிற்பவர், பெற்றோர் இருவரும் ஒருமித்து, முறையான விசாவோடு, எந்தக் கொடுமையும் இன்றிப் புறப்படும் வீட்டில் தனியே மறுக்கும் பிள்ளை. அவருக்கு மன்றில் பேச ஆளில்லை. அலுவலரிடம் சொல்ல முறைப்பாடு இல்லை. அத்தகைய பிள்ளைக்கு என் பரிந்துரை, போவதை ஏற்று, அதற்குரிய நிபந்தனைகளுக்காக முழு வலிமையோடும் வாதாட வேண்டும் என்பதே. பரீட்சைக்குப் பின்னரே புறப்படுவது, முதல் ஆண்டின் முடிவில் ஒருமுறை திரும்பி வந்து பார்ப்பது, உயர் தரப் பாடங்களை அங்கே தொடரக்கூடிய பாடசாலையைத் தானும் சேர்ந்து தெரிவு செய்வது ஆகியவற்றை அம்மம்மா முன்னிலையில் எழுதி, பெற்றோர் கையொப்பமிடலாம். அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்காது; ஆனால் கையொப்பமிட்ட அப்பா அதை எளிதில் மறுக்கமாட்டார். 18 வயது நிரம்பிய நாளிலிருந்து இலங்கைக்குத் திரும்பும் முடிவு பிள்ளையினுடையதே. அதற்காகப் பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, 15 வயதில் எடுத்த தேசிய அடையாள அட்டை, பாடசாலை விடுகைச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேற்றுப் பத்திரம் ஆகியவற்றைப் புறப்படும் முன் ஒரு கோப்பில் சேர்த்து, பெற்றோரின் பெட்டியில் வைக்காமல் பிள்ளை தன் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.